நம்பத்தகாத நேசநாடுகள்: கணினி உபாய விளையாட்டுக்களின் இராஜதந்திரம் பற்றிய ஒரு நோக்கு

கணினி உபாய விளையாட்டுக்களை ஆடுவோரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் முறைப்பாடு ஒன்றுண்டு. கணினி இயக்கும் நேசநாட்டை நம்பமுடியாது என்பதே அது. பல மணிநேரம் துணைநின்ற அயல்நாடு, காரணமெதுவும் கூறாது, ஒருநாள் எல்லை கடந்து படையெடுக்கும். அல்லது போருக்கு வருவதாக வாக்களித்துவிட்டுத் தன் நகரங்களுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கும். இவ்வனுபவத்திற்கு ஆடுவோர் வழமையாகத் தரும் விளக்கம், பொறி மூடத்தனமானது என்பதாகும். செயற்கை நுண்ணறிவு போதிய வளர்ச்சி பெறாமையே குறைபாட்டின் காரணம் என்றும், அது வளர்ச்சியுறுங்கால் நேசநாடுகளும் நம்பிக்கைக்குரியன ஆகிவிடும் என்றும் அவர்கள் எண்ணுவர். விளக்கம் எளிதானதுதான், ஆயின் அது பிழையான இடத்தைச் சுட்டுகின்றது. கடந்த முப்பது ஆண்டுகளில் வெளிவந்த முக்கிய விளையாட்டுக்களை ஒப்புநோக்கின், நம்பகமின்மையின் ஊற்றுக்கண் ஆட்டத்தின் விதிகளில், குறிப்பாக யார் எவ்வாறு வெல்கிறார் என வரையறுக்கும் விதியில் இருத்தல் புலனாகும்.

விளையாட்டுத்தானே, இதில் விமர்சனத்திற்கு என்ன வேலை எனக் கேட்போர் இருக்கலாம். நாடுகளுக்கிடையேயான உறவை ஒரு நாவல் பொய்யாகச் சித்திரித்தால் விமர்சகன் வாளாவிருப்பதில்லை. அதே உறவை, வாசிப்பதற்கன்றி நூற்றுக்கணக்கான மணிநேரம் தானே நடத்திப்பார்ப்பதற்கென ஓர் இளைஞன் கையில் கொடுக்கும் கலைவடிவத்தைப் பற்றி மட்டும் ஏன் வாளாவிருத்தல் வேண்டும்?

முதலில் முறைப்பாட்டையே சற்றுப் பகுத்துப் பார்க்கலாம். திருக்குறளின் நட்பியலில் 'தீ நட்பு', 'கூடாநட்பு' என இரு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. வேண்டிய வேளையில் கைவிடுவோரின் உறவும், உள்ளே பகைமை வைத்துப் புறத்தே நட்புக் காட்டுவோரின் உறவும் அங்கு ஒன்றாக வைத்து எண்ணப்படவில்லை. கணினி நேசநாடுகளின் குற்றமும் இவ்வாறே இருவகைப்படும். அழைத்தால் வாராமை ஒன்று. அழையாமலே வாளோடு வருதல் மற்றையது. முதலாவது பெரும்பாலும் நிரலின் குறைபாடே. கடல் கடந்து படையை நகர்த்துவது பொறிக்குக் கடினமான காரியம். ஆதலால் தொலைதூர நேசநாடு போர்ப்பிரகடனம் செய்துவிட்டு வீட்டிலிருக்கும். நிரலாளர் முயன்றால் இதனைத் திருத்திக்கொள்ளலாம். இரண்டாவது அத்தகையதன்று. அதுவே இங்கு ஆராயத்தக்கது.

கணினிக்கு முற்பட்ட ஒரு பலகை விளையாட்டிலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும். ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் பயின்ற அமெரிக்கரான அலன் கல்ஹாமர் 1954ஆம் ஆண்டளவில் 'டிப்ளோமசி' என்னும் விளையாட்டை உருவாக்கி, நிறுவனங்கள் ஏற்க மறுத்தமையால் 1959இல் 500 பிரதிகளைத் தாமே வெளியிட்டார். முதலாம் உலகப்போருக்கு முற்பட்ட ஐரோப்பாவின் ஏழு வல்லரசுகள் அதில் மோதுகின்றன. பகடைக்காய் இல்லை, அதிட்டம் இல்லை. ஆடுவோர் தனித்தனியே ஒதுங்கிப் பேசி உடன்பாடு காண்பர். பின்னர் ஒவ்வொருவரும் தம் கட்டளைகளை இரகசியமாக எழுதுவர். எல்லாக் கட்டளைகளும் ஒரே வேளையில் திறக்கப்படும். பேசிய வார்த்தை எவரையும் கட்டுப்படுத்தாது. படத்திலுள்ள 34 மையங்களுள் 18ஐக் கைப்பற்றியவர் வென்றவராவார். கூட்டின்றி எவரும் முன்னேற முடியாதவாறும், கூட்டை முறிக்காமல் எவரும் தனித்து வெல்ல முடியாதவாறும் அந்த எண்ணிக்கை அமைந்திருக்கின்றது. எஞ்சியோர் ஒத்துக்கொண்டால் சமநிலையில் முடிக்கவும் விதி இடந்தருகின்றது என்பதையும் குறித்தல் வேண்டும். ஆக, இங்கு துரோகம் ஒரு விபத்தன்று. ஆடுவோர் அனைவரும் அதனை அறிந்தே மேசையில் அமர்கின்றனர், முகத்தைப் பார்க்கின்றனர், குரலைக் கவனிக்கின்றனர். நம்புவதா விடுவதா என்பதே ஆட்டமாகின்றது.

கணினி விளையாட்டுக்கள் இவ்விதியைப் பெற்றுக்கொண்டன. அந்த முகத்தைப் பெற்றுக்கொள்ளவில்லை. 1991இல் சிட் மையரும் புறூஸ் ஷெல்லியும் உருவாக்கிய 'சிவிலிசேஷன்' என்னும் விளையாட்டில் உலகனைத்தையும் வெல்பவரோ, அல்பா சென்ரோறி விண்மீனுக்கு முதலில் கலம் அனுப்புபவரோ வெற்றிபெறுவார். ஒருவரே வெல்லலாம். சமாதான உடன்படிக்கை அங்கு உண்டு. ஆனால் அந்த உடன்படிக்கை எதை நோக்கியது என்ற வினாவிற்கு விடையில்லை. இத்தொடரின் பிற்காலப் பகுதிகள் யாவும் இம்முரண்பாட்டோடு போராடிய வரலாறாகவே காணப்படுகின்றன.

2005இல் வெளிவந்த நான்காம் பகுதியின் தலைமை வடிவமைப்பாளரான சொறன் ஜோன்சன் ஒரு தீர்வைக் கண்டார். ஒவ்வொரு தலைவரும் ஆடுபவர்பால் கொண்ட மனப்பாங்கு, கூட்டலும் கழித்தலுமாக வெளிப்படையாகக் காட்டப்பட்டது. ஒரே மதத்தைத் தழுவியமைக்கு இத்தனை, எல்லை நெருக்கத்திற்கு இத்தனை, கேட்ட உதவியை மறுத்தமைக்கு இத்தனை என்றவாறு. சில தலைவர்கள் நட்பு ஒரு குறித்த படியை எட்டியபின் போர் தொடுப்பதே இல்லை. இத்தலைவர்கள் வெல்வதற்காக ஆடவில்லை. பாத்திரங்களாக வாழ்கிறார்கள் எனலாம். ஜோன்சன் 2008ஆம் ஆண்டு ஆட்ட வடிவமைப்பாளர் மாநாட்டில், 'தோற்பதற்காக ஆடுதல்' எனப் பொருள்படும் தலைப்பில் ஆற்றிய உரையில் இதனைக் கோட்பாடாகவே முன்வைத்தார். பொறி திறம்பட ஆடவேண்டுமா, ஆடுபவர் இன்புறும்படி ஆடவேண்டுமா என்பது அவர் எழுப்பிய வினா. அப்பகுதியில் 'நிரந்தரக் கூட்டணி' என்னும் தெரிவும் இருந்தது; அதனை ஏற்ற இரு நாடுகள் ஒருங்கே வெற்றிபெறலாம். இதற்கு முன்னர் 1999இல் பிறையன் றெனோல்ட்சின் 'அல்பா சென்ரோறி' என்னும் விளையாட்டிலும் கூட்டுவெற்றிக்கு இடமிருந்தது. இவ்விரு விளையாட்டுக்களையும் ஆடியோர் நேசநாடுகளைப் பற்றி ஓரளவு அன்போடு பேசுவது தற்செயலன்று.

2010இல் ஐந்தாம் பகுதி எதிர்த்திசையிற் சென்றது. அங்கு கணினித் தலைவர்கள் வெற்றியை நாடும் போட்டியாளர்களாக ஆக்கப்பட்டனர். அவர்களுடைய மனப்பாங்கின் காரணங்களோ தொடக்கத்தில் மறைக்கப்பட்டிருந்தன. மறைப்பதால் மனிதத்தன்மை கூடும் எனக் கருதினர் போலும். விளைந்தது வேறு. நேற்று நண்பராக இருந்தவர் இன்று கண்டனம் தெரிவிக்க, காரணம் அறியாத ஆட்டக்காரர் அத்தலைவர்களைப் பித்தர்கள் என ஏசினர். பின்னர் வந்த திருத்தங்களில் காரணங்கள் வெளியிடப்பட்டபோது உண்மை தெரியவந்தது. ஆடுபவர் தம்மைப் போன்ற வழியிலேயே ஆட்டத்தை வெல்ல முயல்கிறார் எனத் தாம் நம்புவதாகவும், அது தமக்குப் பிடிக்கவில்லை எனவும் தலைவர்கள் கூறும் காரணம் அப்பட்டியலில் ஒன்று. இதனை வாசித்து நகைத்தோர் பலர். உண்மையில் அவ்விளையாட்டு முழுவதிலும் மிக நேர்மையான வாக்கியம் அதுவே எனல் தகும். ஒருவரே வெல்லக்கூடிய உலகில் அண்டை நாடு செய்யும் மாபெருங் குற்றம் அது ஆட்டத்தில் இருப்பதுதான்.

அதே ஐந்தாம் பகுதியில் வேறொரு வகை நேசநாடும் அறிமுகமாயிற்று. வெல்ல முடியாத, வெல்ல விரும்பாத சிறிய 'நகர அரசுகள்' அவை. அவற்றுக்குப் பொன் கொடுத்தால் செல்வாக்கு ஏறும். 30 புள்ளிகளில் நட்பு, 60இல் நேசம். ஆனால் கொடை நின்றால் செல்வாக்கு மெல்ல மெல்லத் தேயும். வேறொருவர் கூடக் கொடுத்தால் நேசம் அவரிடம் சென்றுவிடும். ஐக்கிய நாடுகள் சபையில் இந்நகர அரசுகளின் வாக்குகளைப் பெற்று ஈட்டும் வெற்றிக்கு 'இராஜதந்திர வெற்றி' என்று பெயர். ஆட்டத்தின் பிற்பகுதியில் திறைசேரி நிறைந்திருப்பவர் ஒரே தவணையில் இதனை விலைக்கு வாங்கிவிடலாம். நகர அரசுகளின் பட்டியலில் கொழும்பும் ஒன்று. பேரரசுகளுக்கு மனமும் விருப்புவெறுப்பும் பேராசையும் உண்டு. சிறிய நாட்டிற்கு உள்ளது விலை மட்டுமே என்னும் கருத்து, அட்டவணையாகவும் எண்ணாகவும் வருவதனால், கருத்தாகவே தோன்றாது போய்விடுகின்றது. இத்தகைய சித்திரிப்பை ஓர் ஆங்கில நாவலில் கண்டால் ஈழத்து வாசகர் உடனே இனங்கண்டிருப்பர். விளையாட்டில் அதுவே 'நல்ல சமநிலை' எனப் பாராட்டப்படுகின்றது.

2016இல் வந்த ஆறாம் பகுதியோ துரோகத்தை விதியாலேயே தடுத்துவிட்டது. நட்புப் பிரகடனமோ கூட்டணியோ நடைமுறையிலிருக்கும் காலமுழுவதும் இருதரப்பும் போர் தொடுக்க முடியாது, பொத்தானே இயங்காது. இங்கு நேசநாட்டை நம்பலாம் என்பது உண்மை. கதவு பூட்டியிருக்கும்வரை வீட்டிலுள்ளவர் வெளியேறமாட்டார் என நம்புவது எவ்வகை நம்பிக்கையோ, அவ்வகை நம்பிக்கை இது.

மேற்கூறிய யாவற்றையும்விட இப்பிரச்சினையைத் துலக்கமாகக் காட்டுவது, கிறியேற்றிவ் அசெம்பிளி என்னும் பிரித்தானிய நிறுவனம் 2011இல் வெளியிட்ட 'ரோற்றல் வோர்: ஷோகன் 2' ஆகும். களம் பதினாறாம் நூற்றாண்டு யப்பான். குலங்கள் ஒன்றோடொன்று பொருதிய செங்கோக்குக் காலம். ஆடுபவர் ஒரு குலத்தின் தலைவராக மாகாணங்களைக் கைப்பற்றிச் செல்வார். அவருடைய புகழ் ஒரு குறித்த எல்லையை எட்டியதும் ஷோகன் அவரைப் பகைவராக அறிவிப்பார். அதன்பின் ஒவ்வொரு பருவமும் ஏனைய குலங்களுடனான உறவு கீழிறங்கிக்கொண்டே போகும். நெடுநாள் நேசர், மணவுறவு கொண்டோர், ஆடுபவரால் உயிர்பிழைத்தவர் எவராயினும் ஈற்றில் பெரும்பாலும் எதிரணியிலேயே நிற்பர். இதனை 'இராச்சியப் பிளவு' என்பர்.

இவ்வேற்பாட்டின் நோக்கம் விளங்கக்கூடியதே. பாதிப் படத்தைப் பிடித்தபின் ஆட்டம் சலிப்பூட்டும். இறுதியில் ஓர் உச்சம் வேண்டும். ஆனால் அவ்வுச்சத்திற்குக் கொடுத்த விலை பெரிது. அனுபவமிக்க ஆட்டக்காரர் என்ன செய்கின்றனர் என்பது நோக்கற்பாலது. பிளவு நேரப்போவதை முன்னறிந்து, பொன்னைச் சேமித்து, எல்லையோரத்திலுள்ள தம் நேசரின் கோட்டைகளுக்கருகே படையை நிறுத்தி, முதலில் தாமே தாக்குகின்றனர். நேசர் மாறுவார் என்ற உறுதிப்பாடு ஆடுபவரையே துரோகியாக்குகின்றது. அதன்பின்னர் அவர் எழுதும் முறைப்பாட்டிலோ துரோகி கணினிதான்.

வடிவமைப்பாளர் தரப்பில் வரலாற்றைச் சாட்சிக்கு அழைக்கலாம். அக்காலம் துரோகம் மலிந்தது என்பது மெய்யே. 1582இல் ஒட நொபுனாகாவை அவருடைய தளபதி அகேச்சி மிற்சுஹிடே ஹொன்னோ கோயிலில் வளைத்தார். 1600இல் செக்கிகஹாரா போர்க்களத்தில் ஏறத்தாழ 15,000 வீரருடன் குன்றொன்றில் நின்ற கொபயக்காவா ஹிடேயக்கி, போர் நடந்துகொண்டிருக்கையிலே தம் அணியைத் தாக்கி வெற்றியைத் தொக்குகாவா இயேயாசுவின் பக்கம் திருப்பினார். ஆயினும் இந்நிகழ்ச்சிகளின் இயல்பு யாது? கொபயக்காவாவுக்கு இயேயாசுவின் தரப்பு முன்னரே வாக்குறுதிகள் அளித்திருந்தது; தம் அணியினர்பால் அவருக்கு மனக்குறைகளும் இருந்தன. அகேச்சியின் நோக்கம் பற்றி வரலாற்றாசிரியர் இன்றும் விவாதிக்கின்றனர். விவாதிக்கத்தக்க ஒரு நோக்கம் அங்கு உண்டு என்பதே முக்கியம். அதனினும் முக்கியமான ஒன்று, அதே நொபுனாகாவும் இயேயாசுவும் 1562இல் கியோசுவில் செய்துகொண்ட கூட்டு, நொபுனாகா மடியும்வரை இருபது ஆண்டுகள் முறியாதிருந்தது. துரோகத்திற்குப் பேர்போன அந்த நூற்றாண்டின் புகழ்மிக்க உறவுகளுள் ஒன்று அது. அதனை எளிதில் தோற்றுவிக்க முடியாத ஒரு விளையாட்டு, தன்னை யதார்த்தம் என அழைத்துக்கொள்ளுதல் கடினம்.

அடுத்த ஆண்டு, அதாவது 2012இல், அதே நிறுவனம் அதே விளையாட்டின் தொடர்ச்சியாக 'ஃபோல் ஒஃவ் த சாமுறாய்' என்பதனை வெளியிட்டது. களம் 1860களின் உள்நாட்டுப் போர். பிளவு இங்கும் உண்டு. ஆனால் அவ்வேளை ஆடுபவர் பேரரசர் பக்கமோ ஷோகன் பக்கமோ நிற்கலாம். அப்பக்கத்தைச் சார்ந்த குலங்கள் அவரோடு நிற்கும். இருபக்கத்தையும் துறந்து குடியரசு காணப் புறப்பட்டால் மாத்திரமே அனைவரும் பகைவராவர். பொறியின் அறிவு ஓராண்டில் பெரிதாக வளர்ந்துவிடவில்லை. மாறியது, ஒருவருக்கு மேற்பட்டோர் ஒரே வெற்றியைத் தமதெனக் கொள்ளலாம் என்ற விதி. நேசநாடுகள் நம்பத்தக்கன ஆவதற்கு அம்மாற்றமே பெரிதும் போதுமானதாயிற்று.

இதன் காரணத்தை விளக்க அரசியல் அறிஞர் றொபேட் அக்செல்றொட்டின் ஆய்வு உதவும். கணினி நிரல்களை ஒன்றோடொன்று மோதவிட்டு அவர் நடத்திய போட்டிகளில், அனற்றோல் றப்பபோட் அனுப்பிய மிகச் சிறிய நிரல் இருமுறையும் முதலிடம் பெற்றது. முதலில் ஒத்துழைத்து, பின்னர் எதிரி முன்முறை செய்ததையே திருப்பிச் செய்வது அதன் முழு அறிவு. முதற்போட்டியில் ஒவ்வொரு மோதலும் 200 முறை என அறிவிக்கப்பட்டிருந்தது. இரண்டாம் போட்டியில் முடிவு எப்போது வரும் என அறிய முடியாதவாறு மாற்றினார். இறுதி தெரிந்தால் இறுதிக் கணத்தில் கைவிடுதல் இலாபம். அதற்கு முந்திய கணத்திலும் அவ்வாறே. 1984இல் அவர் வெளியிட்ட நூலில், எதிர்காலத்தின் நிழல் நீண்டு விழும் இடத்திலேயே ஒத்துழைப்பு வேரூன்றும் என வாதித்தார். உபாய விளையாட்டுக்களிலோ எதிர்காலம் வெற்றித்திரையோடு முடிந்துவிடுகின்றது.

சுவீடனின் பரடொக்ஸ் நிறுவனத்து 'யூரோப்பா யுனிவேர்சாலிஸ்' நான்காம் பகுதி (2013) இதற்கு மறுதலையான சான்று. 1444 முதல் 1821 வரை ஓடும் அவ்விளையாட்டில் எய்தவேண்டிய வெற்றி என ஒன்று வற்புறுத்தப்படுவதில்லை. ஏதோ ஒரு நாடாக இருந்து காலத்தைக் கடப்பதே ஆட்டம். அங்கு நேசநாடுகள் பல தலைமுறைகள் நிலைத்து நிற்பதுண்டு. போருக்கு அழைக்குமுன்னரே வருமா வாராதா, வாராதெனின் கடனாலா தூரத்தாலா களைப்பாலா எனப் பட்டியல் காட்டப்படும். மறுப்பும் புரிந்துகொள்ளத்தக்க மறுப்பாகின்றது. ஆடுபவரின் நிலம் ஒன்றில் ஆசை பிறந்தால் நேசநாடு பிரியும்; அதற்கும் அறிகுறி தெரியும். இங்கும் குறையில்லாமலில்லை. நட்பு கடைப் பேரேடாகிவிடுகின்றது. அரசனின் முகத்தைப் பார்ப்பாரில்லை, எண்ணைப் பார்க்கின்றனர். எனினும் பித்துக்கொள்ளி நேசரைவிடக் கணக்குப்பிள்ளை நேசர் வரலாற்றுக்கு அணித்தானவர் என்பதை மறுத்தல் அரிது.

காந்தியைப் பற்றிய கதையொன்றும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. முதலாவது 'சிவிலிசேஷன்' விளையாட்டில் காந்தியின் போர்வெறி அளவு 1 ஆக இருந்ததாம். இந்தியா மக்களாட்சிக்கு மாறியதும் அதிலிருந்து 2 கழிக்கப்பட, எண் கீழே போகமுடியாமல் 255 ஆகப் புரண்டதாம். அதனால் காந்தி அணுகுண்டு வீசினாராம். பல்லாண்டு காலம் இதனை நம்பாதார் இல்லை. 2020இல் வெளியான தம் நினைவுக்குறிப்பு நூலில் சிட் மையர் அத்தகைய வழு இருக்கவேயில்லை என எழுதினார். ஐந்தாம் பகுதியிலேதான் காந்தியின் அணுகுண்டு நாட்டம் நகைச்சுவைக்காக வேண்டுமென்றே உச்சத்தில் வைக்கப்பட்டது. அணுவாயுதம் எல்லாத் தலைவருக்கும் திறந்திருந்த ஆட்டத்தில் காந்தியும் அதைத் தொட்டார் என்பதைவிட, பொறி பிழைத்தது என்பதை நம்புவது மக்களுக்கு இதமாக இருந்திருக்கின்றது. விதியைக் குறைகூறாது எண்ணைக் குறைகூறும் இம்மனப்பாங்கே நேசநாடு பற்றிய முறைப்பாட்டிலும் தொழிற்படுகின்றது.

பொறி வளர்ந்தால் நேசம் வளரும் என்ற எதிர்பார்ப்பிற்குரிய சோதனை 2022இல் நிகழ்ந்தது. மெற்றா நிறுவனத்து ஆய்வாளர் 'சிசெரோ' என்னும் நிரலை உருவாக்கி, கல்ஹாமரின் அதே 'டிப்ளோமசி' விளையாட்டில் மனிதரோடு இணையவழியே ஆடவிட்டனர். மனிதர் ஆடிய ஏறத்தாழ 40,000 ஆட்டங்களின் உரையாடல்களைக் கற்ற அது, இயல்பான ஆங்கிலத்தில் நயமாகப் பேசியது, பரிந்துரைத்தது, இரந்தது. 40 ஆட்டங்கள் ஆடி, ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்டங்களில் பங்குபற்றியோருள் முதல் பத்து வீதத்தினருள் இடம்பெற்றது. பெரும்பாலும் நேர்மையாக நடக்கும்படியே அதனை அமைத்ததாக ஆய்வாளர் கூறினர். அதன் செய்திகள் அக்கணத்தில் அதன் திட்டம் எதுவோ அதனையொட்டியே பிறக்கும். திட்டம் பின்னர் மாறலாம். சொல்லும்போது பொய்யில்லை, செய்யும்போது சொல் இல்லை.

2024இல் பீற்றர் பார்க் முதலான ஆய்வாளர் அந்த ஆட்டப் பதிவுகளையே எடுத்துக்காட்டி இதனை மறுத்தனர். ஓர் ஆட்டத்தில் பிரான்சாக நின்ற சிசெரோ, வடகடலுள் புகும்படி ஜேர்மனியோடு திட்டம் வகுத்துக்கொண்டது. அதன்பின் இங்கிலாந்திடம் சென்று, வடகடலுள் எவரேனும் புகுந்தால் தான் காப்பதாக வாக்களித்தது. இங்கிலாந்து நம்பியதும், ஜேர்மனிக்கு வேளை வந்துவிட்டதெனத் தெரிவித்தது. கூட்டுக்குறள் பேசிய பழைய கணினித் தலைவர்களைவிட இது எத்துணையோ அறிவுள்ளது. விதியோ 1959இல் அச்சேறிய அதே விதி. அந்த 40 ஆட்டங்களில் அதனோடு ஆடியோர் 82 பேர். தம்மோடு பேசுவது பொறி என அவர்களுள் எவரும் ஆட்டத்தினிடையே ஐயுற்றதற்கு அச்செய்திகளில் அடையாளமில்லை. ஆட்டம் முடிந்தபின் ஒருவர் மட்டும் சந்தேகம் தெரிவித்தார். அது கைவிட்டபோது, ஒரு மனிதர் கைவிட்டதாகவே அவர்கள் கொண்டிருத்தல் வேண்டும்.